தந்தையின் மரணத் தேதியும் பிள்ளையின் பங்கும்
தாயவுரிமைச் சட்டங்கள் மாறிய காலங்களில் மணவுறவுக்கு வெளியே பிறந்தோர் நிலை குறித்து

மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் சொத்தில் பங்கு உண்டா என்னும் கேள்விக்கு ஸ்மிருதிகர்த்தாக்கள் ஒரு விடையும், உரையாசிரியர்கள் மற்றொரு விடையும், மதராஸ் ராஜதானியின் நியாயஸ்தலங்கள் வேறு சில விடைகளும், சுதந்திர இந்தியாவின் சட்டமன்றங்கள் ஒன்றோடொன்று முரண்படும் பல விடைகளும் கூறியிருக்கின்றன. விடைகள் பல என்பது பெரிய விஷயமன்று. ஒரே மனிதனின் ஆயுட்காலத்துக்குள், அவன் பிறந்தபோது இருந்த விடை வேறாகவும், அவன் தகப்பன் கண்மூடியபோது இருந்த விடை வேறாகவும், அவன் வழக்காடி முடித்தபோது இருந்த விடை இன்னும் வேறாகவும் ஆகிவிட்டமையே இக்கேள்வியை மற்றச் சொத்துக் கேள்விகளினின்று பிரித்துக் காட்டுவது.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இத்தகைய பிள்ளைகளைச் சுட்டும் சொற்கள் பல. முறைப்படி மணந்த முதல் மனைவி இருக்க இரண்டாவதாகத் தாலி கட்டப்பட்டவளின் பிள்ளைகள் 'இளையாள் பிள்ளைகள்'. தாலியின்றிச் சேர்ந்து வாழ்ந்தவளின் பிள்ளைகள் 'வைப்பு' வழி வந்தோர். பழைய பத்திரங்களில் அவளுக்கு 'அபிமான ஸ்திரீ' என்று சற்றே மரியாதையான பெயரும் உண்டு. ஊரார் இந்த இரு வகையினரையும் வேறுவேறாகவே பார்த்தனர். சட்டமோ சில காலங்களில் இருவரையும் ஒன்றாக்கியும், சில காலங்களில் வெகுதூரம் விலக்கியும் வைத்தது. எந்தக் காலத்தில் யாரை எங்கே வைத்தது என்பதை நிதானமாகப் பார்த்தால்தான் இன்றைய நிலைமையின் சிக்கல் புலப்படும்.

பன்னிரண்டு வகைப் புத்திரர்

மனு முதலிய ஸ்மிருதிகள் புத்திரரைப் பன்னிரண்டு வகையாகப் பகுக்கின்றன. தர்மபத்தினியிடம் பிறந்த ஔரசன் முதல் இடம் பெறுகிறான். தத்தபுத்திரன் பின்னே வருகிறான். கன்னியிடம் பிறந்த கானீனனும், மணக்கும்போதே கருவுற்றிருந்தவளின் மகனாகிய சகோடனும், இல்லத்தில் இரகசியமாகப் பிறந்த கூடஜனும் அவ்வரிசையில் தத்தமக்குரிய இடங்களைப் பெறுகின்றனர். மனு இவர்களில் அறுவரைத் தாயத்துக்கும் உறவுக்கும் உரியவராகவும், மற்ற அறுவரை உறவுக்கு மட்டும் உரியவராகவும் பிரிக்கிறார். இப்பகுப்பு எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பது அறிஞரிடையே கருத்து வேற்றுமைக்கு உரியது. ஆயினும் ஒன்று தெளிவு. பிள்ளை எவ்வாறு பிறந்தான் என்று கேட்ட அந்தச் சிந்தனை, அவனை இல்லாதவனாகக் கருதவில்லை. அவனுக்கு ஓர் இடத்தைத் தேடி, அது எவ்வளவு தாழ்ந்ததாயினும், பெயரிட்டு வைத்தது.

கலியுகத்துக்கு ஔரசனும் தத்தபுத்திரனுமே உரியவர் என்ற கொள்கை பிற்காலத்தில் வலுப்பெற்றதும் மற்ற வகையினர் மறைந்தனர். மறையாமல் நின்றவன் ஒருவன் மட்டும். அவனே தாசீபுத்திரன்.

தாசீபுத்திரனின் பாதி

யாக்ஞவல்கிய ஸ்மிருதியின்படி, நாலாம் வருணத்தவன் ஒருவனுக்குத் தாசியிடம் பிறந்த மகன் தகப்பனின் விருப்பத்தால் பங்கு பெறலாம்; தகப்பன் இறந்தபின் சகோதரர்கள் அவனைப் பாதிப் பங்காளியாக்க வேண்டும்; சகோதரரும் மகள்வழிப் பேரராகிய தௌஹித்திரரும் இல்லையேல் முழுச் சொத்தும் அவனையே சேரும். கி.பி. 1100ஐ ஒட்டிய காலத்தில் கல்யாணியின் சாளுக்கிய அரசவையில் விக்ஞானேசுவரர் எழுதிய மிதாக்ஷரம் இதை ஏற்று விளக்கியது. மிதாக்ஷரமே தமிழ்நாட்டின் நியாயஸ்தலங்களுக்கு முதன்மையான பிரமாணமானபடியால், ஒரு வடமொழி வாக்கியத்தின் பொருளைச் சுற்றிச் சற்றேறக்குறைய நூறாண்டுக் காலம் நம் ஊர் நஞ்சையும் புஞ்சையும் வழக்காடின.

முதல் விவாதம் 'தாசி' என்ற சொல்லைப் பற்றியது. விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப்பெண் என்ற நேர்ப்பொருளைக் கல்கத்தா நியாயஸ்தலம் இறுகப் பற்றியது. சென்னையும் பம்பாயும் ஒருவனுடைய பாதுகாப்பில் நிலையாகவும் அவனுக்கு மட்டுமே உரியவளாகவும் வாழ்ந்த எந்தப் பெண்ணையும் அச்சொல் குறிக்கும் என்று விரித்தன. ஆனால் வேறொருவனின் மனைவியாக இருப்பவளிடம் பிறந்தவனுக்கும், மணக்கக்கூடாத உறவில் பிறந்தவனுக்கும் அந்த விரிவு எட்டவில்லை. இரண்டாவது விவாதம் 'பாதி' என்பதைப் பற்றியது. ஔரசன் ஒருவனும் தாசீபுத்திரன் ஒருவனும் இருந்தால், ஔரசன் பெறுவதில் பாதியா, அல்லது தானும் ஔரசனாக இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதில் பாதியா? முன்னதன்படி மூன்றில் ஒன்று. பின்னதன்படி நான்கில் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலைபெற்றது நான்கில் ஒன்று. ஆண் சந்ததி வேறின்றித் தகப்பனின் விதவை மட்டும் இருக்கும் இடத்தில் அவளும் அவனும் சரிபாதி என்று 1923இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. 1931இல், மீண்டும் ஒரு சென்னை வழக்கில், இத்தகைய மகனுக்குப் 'புத்திரன்' என்ற அந்தஸ்து உண்டென்றும், ஆயினும் தகப்பனின் பங்காளிகளிடம் பாகம் கேட்க முடியாது, ஜீவனாம்சமே கேட்கலாம் என்றும் அது வரையறுத்தது.

இந்தப் பழைய முறையை இன்று நினைத்துப் பார்ப்போர் இரு எல்லைகளுக்குச் செல்கின்றனர். அது தாராள மனமுடைய சட்டம் என்று போற்றுவோர், அந்தப் பாதி மகனுக்கு மட்டுமே உரியது, மகளுக்கு அதில் அணுவளவும் இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர். அது அடிமைத்தனத்தின் எச்சம் என்று தள்ளுவோர், சொற்பமாயினும் நிலத்தில் ஒரு பங்கையும் குடும்பத்தில் ஒரு பெயரையும் அது அளித்தது என்பதை மறந்துவிடுகின்றனர். இரண்டும் சேர்ந்ததே உண்மை.

தஞ்சை அரண்மனையும் வருணக் கேள்வியும்

இந்த உரிமை நாலாம் வருணத்தாருக்கு மட்டுமே. முதல் மூவருணத்தாரின் முறையற்ற மகனுக்கு ஜீவனாம்சம் தவிர வேறொன்றுமில்லை என்பதை 1857இலேயே பிரிவி கவுன்சில் உறுதி செய்துவிட்டது. ஆகவே ஒரு குடும்பத்தின் வருணம் எது என்று நீதிபதிகள் ஆராய வேண்டிய விபரீதமான அவசியம் ஏற்பட்டது.

இதற்குச் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் தஞ்சையே பெரிய சான்று. மராட்டிய அரசர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி அரசாங்கம் அரசையும் சொத்தையும் ஒருங்கே கைக்கொண்டது. அது ராஜாங்கச் செயல், அதில் நியாயஸ்தலம் தலையிட இயலாது என்று 1859இல் பிரிவி கவுன்சில் ஒதுங்கிக்கொண்டது. பின்னர் அரண்மனைச் சொத்து ராணிகளுக்குத் திருப்பித் தரப்பட்டது. ராணிகளின் காலம் முடிந்ததும் எழுந்த பெருவழக்கில், வாளை வைத்துச் சடங்கு செய்து அரண்மனைக்குள் கொண்டுவரப்பட்ட பெண்களின் சந்ததியார் உரிமை கோரினர். தஞ்சை மராட்டிய அரசர் க்ஷத்திரியரா, சூத்திரரா என்று சென்னை உயர் நீதிமன்றம் விரிவாக விசாரித்து, 1924இல் சூத்திரர் என்றே தீர்மானித்தது.

அவ்வழக்கில் உரிமை கோரியோரின் நிலை எண்ணிப் பார்க்கத் தக்கது. முன்னோர் க்ஷத்திரியர் என்று நிலைநாட்டினால் பெருமை கிட்டும், பங்கு போய்விடும்; சூத்திரர் என்று ஒப்புக்கொண்டால் பங்கு கிட்டும். தென்னார்க்காட்டில் க்ஷத்திரிய குலத்தவர் என்று தம்மைக் கூறிக்கொண்ட சமூகங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருமுயற்சி செய்துகொண்டிருந்த காலமும் அதுவே. தமிழ்ச் சாதிகளுக்கு வடமொழி வருணச் சட்டகத்தைப் பொருத்துவதே தவறு என்று 1877இலேயே நெல்சன் என்பவர் எழுதிய நூலை அன்றைய நீதிபதிகள் பெரிதும் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் இந்தப் பிள்ளைகளின் நிலை மேம்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. ஊர் வழக்கங்கள் எப்போதும் சாஸ்திரத்தைவிட இரக்கமுள்ளவையாக இருந்தன என்று கொள்ள ஆதாரமில்லை.

மணமே வாயிலான காலம்

1949க்கு முன் இந்து ஆடவன் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம். இளையாள் பிள்ளையும் மூத்தாள் பிள்ளையும் பிறப்பாலேயே சம பங்காளிகள். அவ்வாண்டு சென்னை மாகாணம் இருதார மணத்தைச் செல்லாததாக்கியது. 1955இன் இந்து திருமணச் சட்டம் அதையே நாடு முழுமைக்கும் விரித்தது. பெண்களின் நன்மைக்கென்று செய்யப்பட்ட இச்சீர்திருத்தம் சரியானதே, அதில் ஐயமில்லை. ஆனால் தடையை மீறிய தகப்பன் தாலி கட்டிக்கொண்டுதான் இருந்தான். 1948 தை மாதத்தில் கட்டப்பட்ட இரண்டாவது தாலிக்குப் பிறந்தவன் முழுப் பங்காளி; 1950 தை மாதத்தில் கட்டப்பட்ட இரண்டாவது தாலிக்குப் பிறந்தவன் முறையற்றவன். ஊர் இருவரையும் ஒரே விதமாகவே அழைத்தது. கல்யாணப் பந்தலும் மேளமும்கூட ஒன்றுபோலவே இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த அடி 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, உறவு என்றால் முறையான உறவே என்று வரையறுத்து, முறையற்ற பிள்ளைகள் தம் தாய்க்கும் தமக்குள் ஒருவர்க்கொருவருக்கும் மட்டும் உறவினர் என்று விதிவிலக்கு அளித்தது. அந்த ஒரு வாக்கியத்தால் தாசீபுத்திரனின் பாதி மறைந்தது. வருண வேற்றுமையை ஒழிக்கும் நோக்கில், நாலாம் வருணத்தாருக்கு மட்டும் இருந்த உரிமையை எல்லாருக்கும் விரிக்கலாம். அல்லது எல்லாருக்கும் இல்லையென்று ஆக்கலாம். சட்டம் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. அதே ஆண்டின் ஜீவனாம்சச் சட்டத்திலும், முன்பு ஆயுட்காலம் முழுதும் கிடைத்துவந்த ஜீவனாம்சம் மகனுக்கு மைனர் பருவத்தோடும், மகளுக்குத் தகப்பனின் மரணத்துக்குப் பின் மணமாகும்வரையும் என்று குறுகியது. இருதார மணத்தைத் தடுக்கும் நோக்கத்துக்கு இவ்வளவு கடுமை தேவையாக இருந்ததா என்பதற்கு அச்சட்டத்தை ஆதரிப்போர் நிறைவான விடை தந்ததாகத் தெரியவில்லை. தகப்பனைத் தடுக்க வேண்டிய தண்டனை பிள்ளையின் பங்கில் வசூலிக்கப்பட்டது.

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்துவைத்தது உண்மையே. செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளை முறையானவனே என்றது; ஆனால் மணம் செல்லாதென்று நியாயஸ்தலம் தீர்ப்பளித்திருக்க வேண்டும் என்றது. மூத்தாளும் இளையாளும் ஒரே ஊரில், பல வேளைகளில் ஒரே தெருவில், ஒருவாறு ஒத்துப்போய் வாழும் குடும்பத்தில் அத்தகைய தீர்ப்பை யார் கேட்டு வாங்குவர்? தகப்பன் இறந்து, பட்டா மாற்றும் நேரத்தில்தான் கேள்வியே எழும். அப்போது தீர்ப்பு வாங்கக் காலம் கடந்திருக்கும்.

சுயமரியாதைத் திருமணமும் முன்தேதியிட்ட நியாயமும்

தமிழ்நாட்டுக்கே உரிய மற்றொரு வகையினரும் உண்டு. 1920களின் பிற்பகுதி தொடங்கிப் பெரியார் ஈ.வெ.ரா.வின் இயக்கத்தார், புரோகிதரும் அக்கினியும் இன்றி, மாலை மாற்றியும் உறுதிமொழி கூறியும் நடத்திய திருமணங்கள் பல்லாயிரம். மணமக்கள் தம்மை மணமானவர் என்றே கருதினர். ஊரும் அவ்வாறே கருதியது. ஆனால் 1950களில் சென்னை உயர் நீதிமன்றம், இவ்வகை மணம் சாஸ்திரச் சடங்கும் அன்று, நெடுங்கால வழக்கமும் அன்று, ஆகவே செல்லாது என்றது. அதன் தவிர்க்கமுடியாத விளைவு, கொள்கைக்காக மணந்தவரின் பிள்ளைகள் அபிமான ஸ்திரீயின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டமை.

அண்ணாதுரை அமைச்சரவை கொண்டுவந்த 1967ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சிறப்பு அது பின்னோக்கிச் சென்றமையே. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும். அவற்றில் பிறந்த பிள்ளைகள் முறையானவர்களே. இடையில் அம்மணம் கலைந்திருந்தாலோ, அப்பெண் வேறொருவரை முறைப்படி மணந்திருந்தாலோ அந்த மணத்தைச் சட்டம் உயிர்ப்பிக்கவில்லை. அங்கும், அதற்கு முன் கருவான பிள்ளையை மட்டும் கைவிடாமல் காத்தது. சட்டம் எழுதியவர் எவரோ, பெற்றோரின் மணம் விழுந்தாலும் பிள்ளை விழக்கூடாது என்பதைத் தனியே ஓர் உட்பிரிவாக எண்ணி எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை நம் குடும்பச் சட்டங்களில் இவ்வளவு கவனமான வரிகள் குறைவு.

முன்தேதியிட்ட சட்டத்துக்கு எதிரான வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தகப்பன் இறந்த கணத்திலேயே சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. சேர்ந்துவிட்டதைப் பின்னால் வந்த சட்டம் பிரித்தெடுத்தால் எந்தப் பாகப்பிரிவினைக்கும் முடிவே இராது. நிலத்தை விலைக்கு வாங்கிய மூன்றாமவனின் கதி என்னாகும் என்பர். இவ்வாதத்தின் பலம் பங்கிட்டு முடிந்த சொத்துக்குப் பொருந்தும். பங்கிடப்படாமல், பட்டாவும் மாறாமல், ஒரே வீட்டில் கிடக்கும் சொத்துக்கும் அதே பலம் உண்டா என்பதே வினா.

1976 முதல் 2023 வரை

இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவுக்கு வந்த 1976ஆம் ஆண்டின் திருத்தம், தீர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லாத மணத்தின் பிள்ளை முறையானவனே என்றது. திருத்தத்துக்கு முன் பிறந்தோருக்கும் அது பொருந்தும் என்றது. ஆனால் மூன்றாம் உட்பிரிவு, அவனுக்குப் பெற்றோர் சொத்தில் மட்டுமே உரிமை, வேறெவர் சொத்திலும் இல்லை என்று எல்லை வகுத்தது. அந்த எல்லையின் பொருளைக் காண நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்குள்ள பங்கு 'பெற்றோர் சொத்து' ஆகுமா? ஆகாது என்பது ஒரு கட்சி. 2003இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே கூறியது. 2010இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. சட்டத்தின் சொல்லுக்கு மேல் நீதிபதிகள் செல்லலாகாது என்பது இக்கட்சியின் பலம். சுயார்ஜிதம் எதுவுமின்றிப் பூர்வீக நிலமே எல்லாமாக இருக்கும் விவசாயக் குடும்பத்தில், முறையானவன் என்ற பட்டம் வெறும் பட்டமாகவே நின்றுவிடும் என்பது இதன் பலவீனம். 2011இல் நீதிபதிகள் சிங்வியும் கங்கூலியும் அடங்கிய அமர்வு இதில் உடன்படவில்லை. பெற்றோரின் உறவு எப்படிப்பட்டதாயினும் பிள்ளையின் பிறப்பை அதினின்று பிரித்தே நோக்க வேண்டும் என்று கூறி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதிகள் பர்திவாலாவும் மிஸ்ராவும் விடை தந்தனர். இப்பிள்ளை பிறப்பால் பங்காளி ஆகமாட்டான். தகப்பன் உயிரோடிருக்கும்போது பாகம் கேட்கமாட்டான். ஆனால் தகப்பன் இறப்பதற்கு முந்திய கணத்தில் பாகப்பிரிவினை நடந்ததாகக் கற்பித்து, அதில் தகப்பனுக்கு விழும் பங்கில் மற்ற வாரிசுகளோடு சமமாகப் பெறுவான். 2024 ஜனவரியில் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே பின்பற்றியது.

இரு கட்சிகளுக்கும் நடுவே சென்ற வழி இது. சட்டத்தின் சொல்லையும் காத்தது, பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆயினும் எவ்வளவு பங்கு கையில் வரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலன்றி இதன் மதிப்பு விளங்காது.

பன்னிரண்டு காணி

வீராணம் ஏரிப் பாசனத்தில் பன்னிரண்டு காணிப் பூர்வீக நஞ்சை உள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காணி ஒன்றுக்கு நூறு குழி, ஏக்கர்க் கணக்கில் 1.32. தகப்பன், முறைப்படி மணந்த மனைவி, அவளிடம் ஒரு மகனும் ஒரு மகளும். இன்னொருத்தியிடம் ஒரு மகன். உரிமைகளைக் கெடுக்கும் உயிலோ செட்டில்மென்ட்டோ இல்லை.

தகப்பன் 1930இல் இறந்திருந்தால், அந்த இன்னொருத்தி நிலையான அபிமான ஸ்திரீயாகவும் குடும்பம் சூத்திர வருணமாகவும் கொள்ளப்படின், மூத்தாள் மகனுக்கு ஒன்பது காணி, மற்றவனுக்கு மூன்று காணி. மனைவிக்கு ஜீவனாம்சம், மகளுக்குக் கல்யாணச் செலவு. தகப்பன் 1960இல் இறந்திருந்தால், இன்னொருத்திக்கு 1950களில் தாலி கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், அவள் மகனுக்கு ஒரு குழியும் இல்லை. கற்பித பாகப்பிரிவினையில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஆறு ஆறாகப் பிரிந்து, தகப்பனின் ஆறு மனைவி, மகன், மகள் மூவருக்கும் இரண்டிரண்டாகும். 1980இல் இறந்திருந்தால், 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நோக்கில், தாலி கட்டப்பட்டவளின் மகனுக்குத் தகப்பனின் ஆறு காணியில் நான்கில் ஒன்று, அதாவது ஒன்றரைக் காணி. 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நோக்கில் ஒன்றுமில்லை. மகளும் பிறப்பால் பங்காளியான பிறகு, 2010இல் இறந்திருந்தால், தகப்பன், மகன், மகள் மூவருக்கும் நான்கு நான்கு. தகப்பனின் நான்கு காணி நால்வருக்கும் ஒவ்வொன்று. ஆக மகனுக்கு ஐந்து, மகளுக்கு ஐந்து, மனைவிக்கு ஒன்று, அவனுக்கும் ஒன்று.

மூன்று, பூஜ்யம், ஒன்றரை, ஒன்று. எண்பது ஆண்டுகளில் பிள்ளையின் அந்தஸ்து, இடையில் ஒருமுறை விழுந்தாலும், உயர்ந்தது. நிலம் அவ்வாறு உயரவில்லை. தாழ்ந்த பெயரோடு இருந்தவன் மூன்று காணி உழுதான். முறையானவன் என்று சட்டம் அழைக்கும் அவனுடைய இன்றைய சகோதரன் ஒரு காணிக்கு உரியவன். மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் அளித்த பங்குரிமை முற்றிலும் நீதியானது. ஆனால் பிறப்பால் பங்கு பெறுவோர் பெருகப் பெருகத் தகப்பனின் கற்பித பங்கு சுருங்குகிறது, அச்சுருக்கம் இவன்மேலும் மனைவிமேலும் விழுகிறது. இதைச் சீர்திருத்தம் செய்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டு காணியும் தகப்பனின் சுயார்ஜிதமாக இருந்தாலோ நால்வருக்கும் மும்மூன்று காணி. எல்லாச் சிக்கலும் நொடியில் அவிழ்ந்துவிடுகிறது.

அண்டை மண்ணிலும் அப்பாலும்

கடலூருக்கு வடக்கே சில கல் தொலைவில் புதுச்சேரி. அங்கே தம் இனச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கும் உரிமையை 1881ஆம் ஆண்டின் ஆணை அளித்தது; அவ்வாறு துறந்தோர் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டமே பிரமாணம். 1804ஆம் ஆண்டின் அச்சட்டம், தகப்பனால் அங்கீகரிக்கப்பட்ட மணவழி வராத பிள்ளைக்கு, முறையான பிள்ளைகள் இருக்கும் இடத்தில், முறையானவனாக இருந்தால் பெறக்கூடியதில் மூன்றில் ஒன்றைக் கொடுத்தது. 1896இல் அதைப் பாதியாக்கியது. முறையானவனாக இருந்தால் பெறக்கூடியதில் பாதி! யாக்ஞவல்கியர் வாக்கியத்துக்குச் சென்னை நீதிபதிகள் கண்ட பொருளும் இதுவே. ஒன்றையொன்று அறியாத இரு சட்டங்கள் பெண்ணையாற்றுக்கு இருபுறமும் ஒரே பின்னத்தில் வந்து நின்றன. பிரான்சு 1972இல் இதைச் சமமாக்கி, வேறொரு மணம் நிலவும்போது பிறந்த பிள்ளைக்கு மட்டும் குறைவு வைத்தது. 2000இல் ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றம் அதைக் கண்டித்தபின் 2001இல் அதையும் நீக்கியது.

ஜெர்மனியின் சிவில் சட்டமோ முறையற்ற பிள்ளையும் தகப்பனும் உறவினர் ஆகமாட்டார் என்று 1956ஆம் ஆண்டின் நம் 3ஆம் பிரிவைப் போலவே கூறி, 1970இல் அவ்வரியை நீக்கிக்கொண்டது. ஆனால் 1949 ஜூலை 1க்கு முன் பிறந்தோரை அப்போதும் வெளியே நிறுத்தியது. அதை ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றம் 2009இல் கண்டித்தது. 2013இல் ஒரு பிரெஞ்சு வழக்கிலும் அதே நீதிமன்றம், பழைய பாகப்பிரிவினையின் உறுதியைக் காக்க வேண்டும் என்ற காரணம், வழக்கு நிலுவையில் இருப்பதை அறிந்த மற்ற வாரிசுகளுக்குக் கேடயமாகாது என்றது. சட்டம் மாறும்போது யாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு நம்மைவிட அவர்கள் நேராக முகங்கொடுத்திருக்கின்றனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பரங்கிப்பேட்டை முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களிடையே சுன்னிச் சட்டப்படி இத்தகைய பிள்ளைக்குத் தாயின் வழியே வாரிசுரிமை உண்டு. தந்தை வழியே இல்லை. பிறப்பைத் தந்தை ஏற்றுக்கொண்டு கூறும் ஒப்புதலுக்கு அங்கே பெரிய இடம் உண்டெனினும், மணத்துக்கு இடமேயில்லை என்று தெரிந்த இடத்தில் அது பயன்படாது.

தீராதவை

முதலாவது, மணம் என்ற ஒன்றே நடவாத உறவில் பிறந்த பிள்ளை. 16ஆம் பிரிவுக்கு ஏதோ ஒரு மணம், செல்லாததாயினும், நடந்திருக்க வேண்டும். அது நடவாதவன் 1956ஆம் ஆண்டு நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறான்; 1930இல் அவனுக்கு இருந்த மூன்று காணியும் இல்லை. நெடுங்காலம் கணவன் மனைவியாகவே வாழ்ந்தோரை மணமானவர் என்று ஊகிக்கலாம் என 1927இல் இலங்கை வழக்கொன்றில் பிரிவி கவுன்சிலும், சுமார் ஐம்பதாண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதியரைப் பற்றி 1978இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருப்பது பலருக்கு ஊன்றுகோலாகிறது. ஆனால் முதல் மனைவி உயிரோடிருக்கும் குடும்பத்தில் அந்த ஊகம் சென்றடையும் இடம் செல்லாத மணமே. அந்தச் செல்லாத மணம் பிள்ளைக்கு நன்மையாக முடிகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மணமே வேண்டாம் என்று நேர்மையாகச் சேர்ந்து வாழ்ந்தோரின் பிள்ளையைவிட, சட்டத்தை மீறித் தாலி கட்டியவனின் பிள்ளைக்கு உரிமை அதிகம் என்பது எந்த நியாயத்தால் என்று விளக்குவது கடினம்.

இரண்டாவது, சாட்சியம். மூத்தாள் பிள்ளைக்கு வாரிசுச் சான்று கேட்டு மனுக் கொடுத்தால் போதும். இளையாள் பிள்ளையின் பெயர் வந்ததும் பெரும்பாலும் தாசில்தார் அலுவலகம் சிவில் நியாயஸ்தலத்துக்கு வழி காட்டிவிடுகிறது. அங்கே கோயிலில் நடந்த தாலிகட்டுக்கு ரசீதும், பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பன் பெயரும், குடும்ப அட்டையும், ஒரு மங்கிய புகைப்படமும், இன்னும் உயிரோடிருக்கும் இரண்டொரு கிழவரின் வாய்மொழியுமே அவன் ஆயுதங்கள். 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு உரிமையைச் சொன்னது. அதை நிரூபிக்கும் சுமையை அவன் தோளிலிருந்து இறக்கவில்லை.

மூன்றாவது, பாட்டன் சொத்து. தகப்பன் பாட்டனுக்கு முன் இறந்துவிட்டால், மூன்றாம் உட்பிரிவின் சொற்படி இப்பேரனுக்குப் பாட்டனின் சொத்தில் இடமில்லை. அதே தகப்பன் பாட்டனுக்குப் பின் ஒரு நாள் உயிரோடிருந்து இறந்தால், பாட்டனிடமிருந்து தகப்பனுக்கு வந்தது தகப்பன் சொத்தாகி, பேரனுக்கு இடம் உண்டு. பெற்றோர் சொத்து என்ற சொல்லைத் தகப்பன்வழிச் சொத்து என்று விரிப்பது நீதிபதிகளால் ஆகக்கூடியதா, சட்டமன்றமே செய்ய வேண்டியதா என்பதில் இரு தரப்புக்கும் காரணங்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு அமர்வு தனக்கு முன் இருந்த கேள்வியோடு நின்றது. உட்பிரிவைத் திருத்துவதே நேரான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வாறு திருத்தும் நாளில், அதற்கு முன் இறந்த தகப்பன்மாரின், இன்னும் பங்கிடப்படாத நிலங்களைத் திருத்தம் தொடுமா, தொடாதா என்பதையும் அதே தாளில் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.